கவாத்து வெட்டிய குழு

குன்னூர்,
3 ஜூன் 2024

அன்புள்ள சுகுணா அம்மணிக்கு,

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் செடிக் குழுவை விட்டு நீ மார்ச் மாதம் வெளியேறினாய். அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதுவும் போக, நான் வாயைத் திறந்தால் சாதாரணப் பேச்சே அதட்டல் மாதிரி வருகிறது என்று எங்கள் வீட்டம்மா சொல்கிறார். காகிதம் என்றால் அதட்டல் வந்த இடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதலாம். ஏற்கெனவே ஒன்று கிழித்தாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை மாதக் கடைசியில் எனக்கு ரிட்டயர்மெண்ட். பீல்டு ஆபீசர் வேலை முடிகிற அன்றைக்கே எஸ்டேட் குவார்ட்டர்ஸ் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். மகள் கோகிலவாணி கோயமுத்தூரில் நாலாவது மாடியில் இருக்கிறாள், அங்கேதான் போகிறோம். மேற்குப் பார்த்த ஒரு பால்கனி. மத்தியானத்தில் தரையில் கால் வைக்க முடியாது. என் பியூஷியாவும் பிகோனியாவும் அங்கே ஒரு வாரம் தாங்காது. எங்கள் வீட்டம்மா வேறு, “ஏனுங்க, இத்தனை தொட்டியையும் தூக்கிட்டு வந்தா நானெங்கீங்க நிக்கறது?” என்று கேட்கிறார். நியாயம்தான்.

அதனால் போன வாரம் நம் ‘மலைத்தொட்டி’ குழுவில் எல்லாச் செடிகளின் படத்தையும் போட்டேன். ‘யாருக்கு எது வேண்டுமோ சொல்லுங்கள், பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், சும்மாவே தருகிறேன்’ என்று எழுதினேன். யார் யார் பார்த்தார்கள் என்று போன் காட்டுகிறதே, அதில் பெயர்கள் இருக்கின்றன. பதில்தான் இல்லை. ஒருவர் மட்டும் கும்பிடுகிற கை ஒன்று போட்டார். அது வேண்டும் என்பதா, வேண்டாம் என்பதா, கடவுளுக்கே வெளிச்சம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கூடலூர் பஸ்ஸில் உன் மடியில் இருந்த பிகோனியாவைப் பார்த்து நான் பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பேச்சிலிருந்துதான் இந்தக் குழுவே வந்தது. கோத்தகிரி, குன்னூர், பர்லியார், நெல்லியாளம் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். காலையில் போனைத் திறந்தால் பூவாக இருக்கும். இப்போது நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எழவு வீட்டில் மைக் கட்டின மாதிரி இருக்கிறது.

நீ கோபித்துக்கொண்டு போன காரணம் எனக்குத் தெரியும். நீ போட்ட பிகோனியாவுக்கு நீ எழுதின பெயர் தப்பு என்று எல்லார் முன்னாலும் திருத்தினேன். பெயர் தப்புதான். ஆனால் தனியாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு வருத்தப்படுகிறேன்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். எல்லாரும் ஏன் இப்படி வாயடைத்துப் போனார்கள், உனக்குத் தெரிந்தால் சொல்லு. செடிகளில் உனக்கு எது வேண்டுமோ அதையும் சொல்லு. இருக்கிற வரைக்கும் யாராவது தண்ணீர் ஊற்றினால் போதும்.

அண்ணன்,
ரவிச்சந்திரன்


சேரம்பாடி,
9 ஜூன் 2024

மதிப்பிற்குரிய ரவி சார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ரிட்டயர் ஆவது தெரிந்து சந்தோஷம். கோயமுத்தூரில் உங்கள் வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலி குறையும், அங்கே குளிர் இல்லை.

பெயரைத் திருத்தியதற்காக நான் போகவில்லை. அன்றைக்கே அதை மறந்துவிட்டேன்.

நான் ஆயாவாக இருக்கிற பிள்ளை மடுவத்தில் இப்போது கைக்குழந்தைகள் அதிகம். கொழுந்து நிறைய வருவதால் தாய்மார்கள் ஐந்து மணிக்கு முன்னால் வருவதில்லை, நான்தான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் செடிகளைப் பற்றி யோசித்துத்தான் சொல்ல வேண்டும். குழு ஏன் அமைதியாகிவிட்டது என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

சுகுணா


குன்னூர்,
14 ஜூன் 2024

சுகுணா அம்மணிக்கு,

அண்ணா போய் ‘மதிப்பிற்குரிய சார்’ ஆகிவிட்டேன். சரி, இருக்கட்டும்.

எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். யோசித்துப் பார்த்தேன். ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது. அரை நிமிஷ வீடியோவை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு குச்சி வேர் விட மூன்று வாரம் ஆகும் என்றால் யார் காத்திருக்கிறார்கள்? இன்னொன்று, கேட்டதையே கேட்கிறார்கள். ‘வாங்கும்போது ஹைட்ராஞ்சியா ரோஸ் கலரில் பூத்தது, இப்போது நீலமாகப் பூக்கிறது, ஏன்?’ நம் மண்ணில் புளிப்பு அதிகம், அதனால் நீலம். சுண்ணாம்பு போட்டால் ரோஸ். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கடைசியில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி ஒரே இடத்தில் வைத்தேன். இனிமேல் கேட்பதற்கு முன்னால் அதைப் படியுங்கள் என்றேன். இதில் என்ன தப்பு?

யாராவது கேள்வி கேட்டால் தேயிலைக் காட்டில் நிற்கும்போதே, அட்டை காலைக் கடிக்கக் கடிக்க, அந்த நிமிஷமே பதில் போட்டிருக்கிறேன். எந்தக் குழுவில் இப்படி ஒரு அட்மின் இருப்பான், நீயே சொல்லு.

பிப்ரவரி மாதமே குழு மந்தமாகிவிட்டது என்பது உனக்கும் ஞாபகம் இருக்கும். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பேசுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் வாயில் கொழுக்கட்டை. ஒரு படம் போடுவதில்லை, ஒரு ‘நன்றாக இருக்கிறது’ கிடையாது. பார்ப்பது, போவது, அவ்வளவுதான். நான் தேயிலைக்காரன். செடி கிழடு தட்டி, கொழுந்து குறைந்தால் என்ன செய்வோம்? கவாத்து வெட்டுவோம். வேலை செய்யாத கொப்பையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது புதுசாகத் துளிர்க்கும். மார்ச் மாதம் அதைத்தான் செய்தேன். ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். மூன்று மாதம் ஆகிறது. துளிர் ஒன்றையும் காணோம்.

நீயும் அந்தச் சமயத்தில் போய்விட்டாய். நீ பேசுகிறவள், உன்னை நான் எடுக்கவில்லை. நீயாகப் போனாய்.

செடிகளைப் பற்றி நீ இன்னும் சொல்லவில்லை. நாள் போய்க்கொண்டே இருக்கிறது.

ரவிச்சந்திரன்


சேரம்பாடி,
21 ஜூன் 2024

ரவி அண்ணா,

இந்தக் கடிதத்தைச் சமாதானமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். உங்கள் ‘கவாத்து’ என்ற வார்த்தையைப் படித்ததும் சமாதானம் போய்விட்டது. இனி வருகிறபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் செல்லக்கண்ணு அத்தை இருக்கிறார். என் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. கொழுந்து பறிக்கிற வேலை. இலங்கையிலிருந்து என் அப்பா அம்மாவோடு ஒரே கப்பலில் வந்தவர், அப்போது அவருக்கு எட்டு வயது. எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மகன் திருப்பூரிலிருந்து ஒரு பழைய டச் போன் அனுப்பினான், நான்தான் அவரை நம் குழுவில் சேர்த்தேன். நீங்கள் அனுப்பின பியூஷியாக் குச்சியில் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். பெயிண்ட் டப்பாவில் வைத்து, வாசலில் தொங்கவிட்டு, பேத்திக்குத் தலை பின்னுகிற மாதிரி பார்த்துக்கொள்கிறார்.

இங்கே ஆறு மணி ஆனால் ஆனை பயம், யாரும் வெளியே தலை காட்ட முடியாது. அந்த நேரத்தில் எங்கள் வரிசையில் இருக்கிற பெண்கள் எல்லாரும் அத்தை வீட்டில்தான். கதவைச் சாத்திவிட்டு அந்த ஒரு போனில் உங்கள் எல்லார் பூவையும் பார்ப்பார்கள். இது கோத்தகிரிக்காரம்மா பூ, இது பர்லியார் சார் பூ, இது ரவி சார் பூ என்று அத்தைக்கு எல்லாம் மனப்பாடம். “ரவி சார் வீட்டு வெள்ளைப் பூ இன்னிக்கு நாலு விரிஞ்சிருக்கு புள்ள” என்று மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது சொல்வார். ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத கொப்பு அதுதான்.

மார்ச்சில் ஒருநாள் போனில் படம் வரவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, லீவு போட்டு, சேரம்பாடி பஜாரில் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, “போனுக்கு ஒண்ணும் இல்லம்மா, உங்கள எடுத்துட்டாங்க” என்றார். அத்தை நேராக என்னிடம் வந்தார். “நான் என்னா தப்பு செஞ்சேன், கேட்டுச் சொல்லு புள்ள” என்றார். உங்களிடம் கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கே நானும் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் அந்தப் பிகோனியாப் பெயரையே பிடித்துக்கொண்டு வருத்தம் தெரிவிக்கிறீர்கள்.

இன்னொரு விஷயம். பேசுகிறவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டீர்கள். ஒரு கேள்வி வந்தால் அந்த நிமிஷமே நீங்கள் பதில் போடுகிறீர்கள், அதுவும் சரியான பதில். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை? நெல்லியாளத்தில் பேக்கரி வைத்திருக்கிற யூனிஸ் அக்காவுக்கு ஹைட்ராஞ்சியா ஏன் நீலமாகிறது என்பது ஒன்றுதான் தெரியும். அதை யாராவது கேட்க மாட்டார்களா, நாம் சொல்ல மாட்டோமா என்று காத்திருப்பார். உங்கள் கை முந்திவிடும். அப்புறம் நீங்கள் அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்று வைத்துவிட்டீர்கள். அந்தக் கேள்வி யாருக்கும் பதில் தெரியாததால் கேட்பது இல்லை அண்ணா. அது, ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பது மாதிரி.

உங்கள் செடியை ஏன் யாரும் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். போன வருஷம் யூனிஸ் அக்காவிடம் கொடுத்த செடி செத்துப்போனதும் குழுவிலேயே, ‘எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள், எவ்வளவு ஊற்றினீர்கள்’ என்று ஆபீசில் விசாரிக்கிற மாதிரி விசாரித்தீர்கள். கொடுத்த செடிக்கெல்லாம் மாசா மாசம் படம் கேட்டீர்கள். ரவி சார் செடியை வாங்குவதும் ஒன்று, மேனேஜர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் ஒன்று என்று எல்லாருக்கும் பயம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

சுகுணா


குன்னூர்,
27 ஜூன் 2024

சுகுணாவுக்கு,

நீ அடித்துவிட்டது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று பஸ் ஸ்டாண்டில் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். கூடலூர் பஸ் கண்டக்டர், இத்தனை வருஷமாக நம் செடிப் பெட்டிகளை ஊர் ஊராகக் கொடுத்த அதே மனுஷன். பார்த்ததும் சிரித்துக்கொண்டே, “என்னுங்க சார், உங்க குரூப்புல இப்ப பெட்டி ஜாஸ்தியாயிருச்சுங்களே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால இடமே இல்லைங்க” என்றார். எந்தப் பெட்டி என்று கேட்டேன். நெல்லியாளத்துக்கு, கோத்தகிரிக்கு, சேரம்பாடிக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் என் குழுவில் வாயைத் திறக்காதவர்களும் வெளியே போனவர்களும். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், “ஆமாமா, சீசன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகக் குழு ஒன்றும் சாகவில்லை. இடம் மாறிவிட்டது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. காலியான வீட்டில் உட்கார்ந்து நான் இத்தனை நாளாக ‘காலை வணக்கம், இன்று பிகோனியாவுக்கு உரம் வைக்கும் முறை’ என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அதைப் பார்த்தார்கள் என்று டிக் விழுந்ததே, பார்த்துவிட்டு அங்கே போய் என்ன பேசியிருப்பார்கள்?

நீ எழுதினதில் பாதிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நான் உடனே பதில் போட்டது பெருமைக்காக இல்லை. யாரோ ஒருவர் செடி வாடுகிறதே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்களே என்றுதான். விசாரித்தது உண்மை. செடி செத்தால் ஏன் செத்தது என்று தெரிய வேண்டாமா? முப்பத்தாறு வருஷம் எனக்கு அதுதான் வேலை. வேறு மாதிரிப் பேச எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

செல்லக்கண்ணு அம்மா கேட்டது அப்படி இல்லை. அதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இரண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும் நேராகச் சொல்லிவிடு. அந்தப் புதுக் குழு யார் ஆரம்பித்தது?

ரவிச்சந்திரன்


சேரம்பாடி,
2 ஜூலை 2024

ரவி அண்ணா,

நான்தான்.

உங்களை ஒதுக்கி வைக்க ஆரம்பிக்கவில்லை, அதை மட்டும் நம்புங்கள். அத்தை தினமும் சாயங்காலம், “படம் இல்லியா புள்ள” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்காக நானும், யூனிஸ் அக்காவும், நீங்கள் எடுத்துவிட்ட இன்னும் சிலருமாக ஒன்று போட்டோம். பெயர் கூட யோசிக்கவில்லை. என்ன பெயர் வைக்க என்று கேட்டதற்கு யூனிஸ் அக்கா, “எந்தா பேரு? சும்மா பூ” என்றார். அதையே வைத்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொருத்தராக, ‘என்னையும் சேர்த்துக்கோங்க’ என்று வந்தார்கள். அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். உங்கள் கோபத்துக்குப் பயந்தேன்.

அங்கே என்ன பேசுகிறோம் என்று கேட்டீர்கள். உங்களுக்குத் தலை சுற்றும். ஒரே கூத்து. ஒருத்தர் ரோஜாவைப் போட்டால் இன்னொருத்தர் கத்தரிக்காயைப் போடுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் இரண்டு நாள் அதே பேச்சு. ஹைட்ராஞ்சியாக் கேள்வி மாசம் ஒரு தடவை வருகிறது, யூனிஸ் அக்கா புதுசாகச் சொல்வது மாதிரி ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். படிக்கத் தெரியாதவர்கள் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள், கோழி கத்துகிற சத்தமும் சேர்ந்து வரும். உங்களைப் பற்றி யாரும் கேலி பேசியது இல்லை. எதாவது பூத்தால் படத்துக்குக் கீழே முதல் வரி, ‘இது ரவி சார் கொடுத்த குச்சி’ என்பதுதான். எங்களில் பாதிப் பேருக்கு முதல் செடி உங்கள் கையால் வந்தது. அது யாருக்கும் மறக்கவில்லை.

இப்போது நீங்கள் என்னைத் திட்டலாம். நீங்கள் கேட்காமலே அந்தக் குழுவில் உங்கள் செடிகளைப் பற்றிச் சொன்னேன். சார் ஊரை விட்டுப் போகிறார், தொட்டிகளை வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்றேன். முதலில் கோத்தகிரிக்காரம்மா, ‘எனக்கு ஆசைதான், ஆனா செத்துப்போச்சுன்னா சார் கேப்பாரே’ என்றார். எல்லாருக்கும் அதே பேச்சு. நான் உங்கள் சார்பில், ‘கேட்க மாட்டார்’ என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். உங்களிடம் இருக்கிற தொட்டிகள் போதாது போலிருக்கிறது.

அதனால் ஒரே ஒரு வாக்கு வேண்டும். கொடுத்த பிறகு ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. படம் கேட்கக் கூடாது. செத்தால் செத்ததுதான். இதற்குச் சம்மதம் என்றால் பெட்டியைக் கட்டுங்கள். இல்லை, முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நான் அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கை,
சுகுணா


குன்னூர்,
10 ஜூலை 2024

அம்மணி,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காட்டில் சுற்றினேன். நீ கேட்ட வாக்கு சின்ன வாக்கு இல்லை. அந்த வெள்ளைப் பியூஷியா எனக்குக் கோகிலவாணி பத்தாவது படிக்கும்போது வந்தது. அதை ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கிறதா என்று கேட்கக் கூடாது என்றால்? நீயே யோசித்துப் பார்.

ஆறாம் நம்பர் காட்டில் கவாத்து நடக்கிறது. வெட்டுகிற ஆட்கள் ஒவ்வொரு செடியிலும் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். அதை விடச் சொல்லி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மொத்தத்தையும் மொட்டை அடித்தால் செடி மூச்சு முட்டிச் செத்துப்போகும். அந்தக் கிளையில் கொழுந்து எடுக்க மாட்டோம், அது சும்மாதான் நிற்கும், அது நிற்பதால்தான் மிச்சம் பிழைக்கும். முப்பத்தாறு வருஷம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், போனைக் கையில் வைத்துக்கொண்டு மொத்தத்தையும் மொட்டை அடித்திருக்கிறேன். என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும். செல்லக்கண்ணு அம்மா கேட்டதற்குப் பதில் இதுதான். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்லு.

சம்மதம். ஒன்றும் கேட்க மாட்டேன்.

ஒவ்வொரு தொட்டிக்கும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சீட்டு எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் அபராத நோட்டீஸ் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டம்மா எல்லாவற்றையும் வாங்கி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். “வளத்தறவங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றார். வாரம் இரண்டு பெட்டியாக நாச்சிமுத்துவிடம் கொடுக்கிறேன். யாருக்கு எது என்று நீயே பிரித்துக்கொடு. வெள்ளைப் பியூஷியா மட்டும் செல்லக்கண்ணு அம்மாவுக்கு.

என்னை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டாம். நான் வந்தால் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அண்ணன்,
ரவிச்சந்திரன்


சேரம்பாடி,
28 ஜூலை 2024

ரவி அண்ணா,

எல்லாப் பெட்டியும் வந்து சேர்ந்தது. மழை பிடித்துக்கொண்டது, பந்தலூர் பக்கம் மரம் விழுந்து நாச்சிமுத்து அண்ணன் பஸ் அரை நாள் நின்றது. அவர் பெட்டிகளை இறக்கி ஒரு டீக்கடை உள்ளே வைத்து, கடைக்காரரிடம், “சாரு செடிங்க, தண்ணி தெளிச்சு வைங்க” என்று சொல்லிவிட்டுத்தான் ரோட்டைப் பார்க்கப் போனாராம்.

ஒரு பிகோனியா முறிந்துவிட்டது. கேட்கக் கூடாது என்றேனே தவிர, நானாகச் சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுக்கவில்லை. முறிந்ததை மூன்று பேர் ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் கவலைப்படாதீர்கள்.

வெள்ளைப் பூவைச் செல்லக்கண்ணு அத்தையிடம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பூவை ஒவ்வொன்றாக எண்ணினார். “சார் கோவிச்சுக்கிட்டு எடுக்கலதானே?” என்று மறுபடியும் கேட்டார். நீங்கள் எழுதினதை அப்படியே படித்துக் காட்டினேன். இலையோடு விடுகிற கிளை என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது, எத்தனை செடியில் பார்த்திருப்பார். “அப்ப நான் சும்மா நின்னது வேலதான்னு சொல்றாரு” என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் சேர்க்க வேண்டாம் என்றீர்கள். குழுவில் கேட்டேன். யூனிஸ் அக்கா, “சாரு வரட்டே, நம்மள் எந்தினா பேடிக்கணும், செடியொக்கே இப்ப நம்ம கையிலல்லே” என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார், செடியெல்லாம் நம் கையில் இருக்கும்போது என்ன பயம் என்று. எல்லாரும் சிரித்தார்கள். ஆகவே நாளைக்குச் சேர்க்கப் போகிறேன். வெளியே போவதென்றால் நீங்களாகப் போய்க்கொள்ளுங்கள், ‘நீயாகப் போனாய்’ என்று எனக்கு எழுதினது நீங்கள்தானே.

தங்கை,
சுகுணா


கோயமுத்தூர்,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அம்மணிக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். காகிதம் பழகிவிட்டது.

இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. பேரன் ஸ்கூல், மகள் ஆபீஸ், வீட்டம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு சிநேகம். அவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ சொன்னது சரி. பால்கனியில் துணிக்கொடி மட்டும் இருக்கிறது. வெற்றிலைக் கொடி வைக்கலாமா என்று பார்க்கிறேன், அதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

‘சும்மா பூ’ குழுவைப் பற்றி நீ எழுதினது குறைவு. அது சந்தைக்கடை. போன வாரம் ஒரு புதுப் பெண் வந்து, ஹைட்ராஞ்சியா ஏன் நீலமாகிவிட்டது என்று கேட்டாள். என் கை தானாகப் போனை எடுத்தது. பதிலை முழுசாக அடித்தும் விட்டேன். எங்கள் வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, அந்தப் போனைக் கீழ வெச்சுட்டுச் சாப்பிடுங்க” என்றார். வைத்துவிட்டேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் ஒருத்தர் பனி என்கிறார், ஒருத்தர் கண்ணேறு என்கிறார், ஒருத்தர் செடியையே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார். கடைசியில் யூனிஸ் வந்து சரியாகச் சொன்னார், கூடவே தன் பேக்கரியில் வர்க்கி தீர்ந்துபோன கதையையும் சொன்னார். நான் அடித்து வைத்ததை அழித்துவிட்டேன். எனக்குப் பதில் தெரிகிறபோதெல்லாம் இப்படித்தான் ஆகிறது. கொஞ்சம் பொறுத்தால் யாராவது சொல்லிவிடுகிறார்கள். முக்கால்வாசி சரியாகவே சொல்கிறார்கள்.

அதனால் அங்கே நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இல்லை, தப்பாக நினைக்காதே. போட என்னிடம் பூவும் இல்லை. சொல்வதற்கு இருப்பதை எல்லாம் மற்றவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வெயில் இறங்கினதும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரத்தில்தான் உங்கள் வரிசையிலும் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பீர்கள் என்று தெரியும். வெள்ளைப் பூ ஐந்து விரிந்திருந்ததை முந்தாநாள் பார்த்தேன். செல்லக்கண்ணு அம்மா வாய்ஸ் மெசேஜில், “சார் பாக்கறாரோ இல்லியோ” என்று சொன்னதையும் கேட்டேன். பதில் போட வாய் வரை வந்தது, போனைக் கீழே வைத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். எந்தக் குழுவிலும் ஒருநாள் ஒருத்தர் எழுந்து, ஆள் அதிகமாகிவிட்டது, பேசாதவர்களை எடுத்துவிடலாம் என்பார். உன்னிடமும் சொல்வார்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்து என் பெயரில் நிறுத்தி, இந்த ஆள் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லையே என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

என்னை எடுத்துவிடாதே அம்மணி. நான் தினமும் பார்க்கிறேன்.

ரவிச்சந்திரன்